பிரிசம், பட்டகம், அரியம்: எந்த இடத்தில் எந்தச் சொல்?

கணக்குப் பாடக் கையேடு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் பக்கத்துக்குப் பக்கம் 'பிரிசம்' என்றே போட்டிருந்தார். நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது இரவல் எதற்கு என்று எனக்கு ஒரு வேகம். பள்ளியில் படித்த 'முப்பட்டகம்' நினைவுக்கு வந்தது. கணினியில் தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்து, ஒரே தட்டில் அத்தனை பிரிசத்தையும் முப்பட்டகம் ஆக்கிவிட்டேன். புத்தகம் அச்சாகி வெளிவந்த பிறகு ஓர் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "சார், அறுகோண முப்பட்டகத்தின் கன அளவைக் காண்க என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குப் பட்டை மூன்றா, ஆறா? பிள்ளைகள் கேட்கிறார்கள்."

முனை அறுகோணமாகவும் பக்கப் பட்டை மூன்றாகவும் உள்ள பிரிசத்தை உலகத்தில் யாரும் செய்ய முடியாது. தவறு முழுக்க என்னுடையது. மொழிபெயர்ப்புக்கும் பாடக்குறிப்புக்கும் அறிவியல் கட்டுரைக்கும் புதிதாக வருகிறவர்கள் அதே குழியில் விழாமல் இருக்க, அன்றிலிருந்து நான் கைக்கொண்டிருக்கும் வழியைப் படிப்படியாக எழுதிவைக்கிறேன்.

முதல் படி: சொல்லை விட்டுவிட்டுப் பொருளைத் தொடுங்கள்

மளிகைக் கடையில் நீளமான பார் சோப்பை நூல் போட்டு அறுத்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுனியில் அறுத்தாலும் நடுவில் அறுத்தாலும், நேராக அறுத்தால் வெட்டுமுகம் ஒரே அளவுச் செவ்வகம். பிரிசம் என்பது இதுதான். இரண்டு முனைகளிலும் ஒரே வடிவம், ஒரே அளவு, ஒன்றுக்கொன்று இணையான பலகோணங்கள். அவற்றை இணைக்கும் பக்கங்கள் எல்லாம் இணைகரங்கள். முனை முக்கோணமாக இருக்கலாம், சதுரமாக இருக்கலாம், பத்து மூலை உடையதாகவும் இருக்கலாம். தீப்பெட்டி பிரிசம், செங்கல் பிரிசம், சீவாத அறுகோணப் பென்சில் பிரிசம்.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் வயல் வரப்புக்கோ தோட்டத்துக்கோ போய் ஒரு கோரையைப் பிடுங்குங்கள். புல் என்று நினைத்துத்தான் பிடுங்குவோம். அதன் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு வழுக்கிக்கொண்டு உருளும். கோரை உருளாது, தட்டுத் தட்டாகத் திரும்பும், விளிம்பு விரலில் உறுத்தும். பெரும்பாலான கோரை வகைகளுக்குத் தண்டில் மூன்று பட்டைகள். நகத்தால் கிள்ளி வெட்டுமுகத்தைப் பாருங்கள், சின்ன முக்கோணம் தெரியும். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்பே நம் விரல் அறிந்திருக்க வேண்டிய முப்பட்டகம் இது.

தேறாதவற்றையும் பார்த்துவிடுங்கள். வெண்டைக்காயை நறுக்கினால் அழகான ஐங்கோணம் வருகிறது. ஆனால் காம்பிலிருந்து நுனிக்குப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகிறது. எனவே தேறாது. உருட்டுக்கட்டைக்கு மூலையே இல்லை, அது உருளை. எகிப்தின் பிரமிடு ஒரே உச்சியில் கூடி முடிகிறது, அதுவும் தேறாது. பிரிசத்தையும் பிரமிடையும் மாற்றிப் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. முதலெழுத்து ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. பிரிசத்துக்கு இரண்டு முனையும் சமம், பிரமிடுக்கு ஒரு முனை வெறும் புள்ளி.

கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அடிப்பக்கப் பலகோணத்துக்கு எத்தனை பக்கமோ, அதோடு இரண்டைக் கூட்டினால் முகங்கள். இரண்டால் பெருக்கினால் மூலைகள். மூன்றால் பெருக்கினால் விளிம்புகள். முக்கோணப் பிரிசத்துக்கு 5, 6, 9. கன அளவு என்பது அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் வருவது. என் கையேட்டில் இருந்த கணக்கும் இவ்வளவுதான். சொல்தான் அதைக் கெடுத்தது.

இரண்டாம் படி: ரம்பத்தைத் தேடுங்கள்

பிரிசம் கிரேக்கச் சொல். 'ப்ரிஸ்மா' என்றால் ரம்பத்தால் அறுக்கப்பட்டது. அறு என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் 11ஆம் பகுதியில் இந்தத் திண்மத்தை இந்தப் பெயரால் வரையறுக்கிறார். அந்த வரையறையில் ஒளி இல்லை, கண்ணாடி இல்லை, வானவில் இல்லை. அறுவை மில்லில் மரத்தை அறுத்து அடுக்கியிருக்கும் சட்டங்களைப் பார்த்தால் ஏன் இந்தப் பெயர் என்று கேட்கவே தோன்றாது. கிரேக்கத்திலிருந்து பிற்கால இலத்தீனுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 1570இல் வெளிவந்த யூக்ளிடின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே சொல் இருக்கிறது. ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதாவது, வடிவத்தின் பெயராக ஏறத்தாழ 1,900 ஆண்டு வாழ்ந்த பிறகே ஒளிக்கு வேலை செய்யப் போயிருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. ரம்பம் போன்ற நீண்ட மூக்குள்ள வேளா மீனின் அறிவியல் பெயர் 'பிரிஸ்டிஸ்'. அதுவும் இதே ரம்பக் குடும்பம்தான்.

தமிழ்க் காதுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒளியைப் பிரிப்பதால்தான் பிரிசம் என்று மேடையில் ஒருவர் சொல்லக் கேட்டேன், கைதட்டலும் விழுந்தது. கேட்க இனிமையாக இருக்கிறது, உண்மை இல்லை. 'பிரி'யும் பிரிசமும் ஒலியில் மோதிக்கொண்டது தற்செயல். மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள அதைப் பயன்படுத்துங்கள், தடையில்லை. சொற்பிறப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: யாருக்கு எழுதுகிறீர்கள் என்று பாருங்கள்

தமிழில் இதற்கு இரண்டு வழிகள் பிறந்திருக்கின்றன, இரண்டும் நல்ல வழிகள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பட்டகம். ஒளியியலில் அது பெரும்பாலும் முப்பட்டகம். இதற்குள் தெரிவது 'பட்டை' என்ற சொல். வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறோமே, அந்தப் பட்டை, தட்டையான முகம். கோயில் கட்டடக்கலை பேசுகிறவர்கள் எண்பட்டைத் தூண், பதினாறு பட்டைத் தூண் என்று இன்றும் சொல்கிறார்கள். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் தூண்களைப் பாருங்கள். அடியும் தலையும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டையுள்ள கட்டு. ஆக ஒரே தூணில் மூன்று பட்டகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. சிற்பி பட்டையை எண்ணினான், பாடநூல்காரர்களும் பட்டையை எண்ணினார்கள்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அரியம். கணக்கிலும் அரியம், ஒளியியலிலும் அரியம். 'அரி' என்ற வேர் வெளிப்படையாகவே தெரிகிறது. அரிவாள், அரிவாள்மணை, வெங்காயம் அரிதல் எல்லாம் அதே அரி. அறுக்கப்பட்டது என்று கிரேக்கன் சொன்னதை அரியப்பட்டது என்று தமிழில் சொல்லியாயிற்று. எனக்கு இந்தச் சொல்மேல் ஒரு பொறாமையே உண்டு. மூன்று பட்டையா, ஆறு பட்டையா என்ற சிக்கல் இதில் எழவே எழாது: முக்கோண அரியம், அறுகோண அரியம், தீர்ந்தது. அன்று நான் முப்பட்டகத்துக்குப் பதில் அரியம் என்று மாற்றியிருந்தால் அந்தத் தொலைபேசி வந்திருக்காது. வேறொன்று வந்திருக்கும்: "சார், அரியம் என்றால் என்ன?"

அதனால் என் கைவழக்கம் இதுதான். தமிழ்நாட்டு மாணவருக்கு எழுதினால் வடிவத்துக்குப் பட்டகம் என்று பொதுவாகவும், முக்கோணக் கண்ணாடிக்கு மட்டும் முப்பட்டகம் என்றும் எழுதுகிறேன். இலங்கை வாசகருக்கு அரியம். அங்கே பக்கத்துச் சொற்களும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. நம் ஒளிவிலகல் அங்கே ஒளிமுறிவு. ஒரே கட்டுரையில் அரியமும் ஒளிவிலகலும் கைகோத்து வந்தால் இரு கரை வாசகரும் முகம் சுளிப்பார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக எழுதும்போது முதல் முறை 'பிரிசம் எனப்படும் பட்டகம் அல்லது அரியம்' என்று சொல்லிவிட்டு, பிறகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். பிரிசமா, பிரிஸமா, ப்ரிஸமா என்பது பற்றிச் சண்டை வேண்டாம். கட்டுரை முழுவதும் ஒன்றாக இருந்தால் போதும்.

நான்காம் படி: ஒளியைப் பற்றி எழுதும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள்

'முப்பட்டகம் வெள்ளொளியை ஏழு நிறமாக மாற்றுகிறது' என்று எழுதுகிறோம். மாற்றவில்லை. இந்த ஒரு வினைச்சொல்லுக்காகத்தான் நியூட்டன் மெனக்கெட்டார்.

முக்கோணக் கண்ணாடியில் நிறம் தெரிவது அவருக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி ஒளிக்குச் சாயம் ஏற்றுகிறது என்பதுதான் அன்றைய பொதுவான எண்ணம். நியூட்டன் அறையை இருட்டாக்கி, சன்னல் கதவில் ஒரு சிறு துளையிட்டு, உள்ளே வந்த வெயிலை முப்பட்டகத்தின் வழியே 22 அடி தள்ளியிருந்த சுவரில் விழவிட்டார். துளை வட்டம், ஆகவே சுவரிலும் வட்டம்தான் விழ வேண்டும் என்று எதிர்பார்த்தார். விழுந்தது நீளமான பட்டை. நீளம் 13¼ அங்குலம், அகலம் 2⅝ அங்குலம். ஐந்து மடங்கு நீளம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. பிறகு பிரிந்த ஒளியில் ஒரு நிறத்தை மட்டும் துளை வழியே எடுத்து இரண்டாம் முப்பட்டகத்துக்குள் அனுப்பினார். சிவப்பு சிவப்பாகவே வெளியே வந்தது. கண்ணாடி சாயம் ஏற்றுவதாக இருந்தால் இரண்டாவது கண்ணாடியும் ஏற்றியிருக்க வேண்டும் அல்லவா? 1672இல் இதைக் கடிதமாக எழுதி இராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். நிறங்கள் வெள்ளொளிக்குள்ளேயே இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனக்கு உரிய அளவில் வளைகிறது, ஊதா அதிகமாக, சிவப்பு குறைவாக. முப்பட்டகம் செய்வது தரம் பிரிப்பது மட்டுமே. அரிசி சலிக்கிற சல்லடை குருணையை உண்டாக்குவதில்லை.

எனவே 'பிரிக்கிறது', 'பிரித்துக் காட்டுகிறது' என்று எழுதுங்கள். நிகழ்வின் பெயர் நிறப்பிரிகை, கிடைக்கும் நிறவரிசை நிறமாலை. ஏழு நிறம் என்பதிலும் ஒரு கதை உண்டு. நியூட்டன் முதலில் ஐந்தாக எண்ணி, பிறகு ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார்; இசையின் ஏழு சுரங்களோடு பொருத்திப் பார்க்கும் ஆசை. நிறமாலையில் கோடு கிழித்த எல்லை எதுவும் கிடையாது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் நிறமாலையில் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், பாதரசம் ஏறியது. அகச்சிவப்பு அப்படித்தான் அகப்பட்டது. பட்டையின் ஓரத்தோடு ஒளி முடிந்துவிடவில்லை.

இன்னொரு பொதுப் பிழை: 'மழைத்துளிகள் முப்பட்டகங்களாகி வானவில்லை உண்டாக்குகின்றன' என்ற வாக்கியம். துளி உருண்டை. அதற்குள் ஒளி வளைந்து, பின்சுவரில் எதிரொளித்து, மறுபடி வளைந்து வெளியேறுகிறது. 'முப்பட்டகம் போலவே துளியும் நிறங்களைப் பிரிக்கிறது' என்றால் சரி.

ஐந்தாம் படி: நிறமே வராத இடங்கள்

முப்பட்டகம் என்றாலே வானவில் என்று பழகிய கை, தொழில் சார்ந்த எழுத்தில் தடுமாறும். பைனாகுலருக்குள் இருப்பவை பிரிசங்கள்தாம். 1854இல் இத்தாலியர் இஞ்ஞாசியோ போரோ காப்புரிமை பெற்ற அமைப்பு இன்னும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அங்கே நிறம் வந்தால் அது குறை. கண்ணாடிக்குள் 45 பாகையில் மோதும் ஒளி வெளியே போக முடியாமல் முழுதாக உள்ளேயே எதிரொளிக்கிறது. பாதரசம் பூசாத, கறுக்காத ஆடி அது. எஸ்எல்ஆர் கேமராவின் தலையில் கூன் போலத் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியில் இருப்பது ஐங்கோணப் பட்டகம். அதை 'ஐங்கோண முப்பட்டகம்' என்று எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்கும் உரிமை எனக்கு இல்லை.

கண் மருத்துவரின் சீட்டில் பிரிசம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறு முக்கோணக் குறியும் எண்ணும் இருந்தால், அது இரட்டைப் பார்வை போன்ற தொல்லைக்காகக் கண்ணாடியில் சேர்க்கப்படும் சாய்வு. 1 பிரிசம் டயாப்டர் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் நகர்த்துவது. தடித்த பக்கம் மூக்கை நோக்கி இருந்தால் பேஸ் இன், காதை நோக்கி இருந்தால் பேஸ் அவுட். இங்கே தமிழாக்கம் காட்டி வீரம் பண்ணாதீர்கள். நோயாளி அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கடையில்தான் நீட்டப் போகிறார். சீட்டில் உள்ள சொல்லும் கட்டுரையில் உள்ள சொல்லும் ஒன்றாக இருப்பது அவருக்கு நல்லது.

நில அளவையில் கம்பத்தின் தலையில் பொருத்திப் பிடிக்கும் பிரிசமும் அப்படித்தான். கருவியிலிருந்து வரும் கதிரை, எந்தக் கோணத்தில் வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் செய்கிற வித்தை. 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் இதே வகைப் பிரிசங்கள் 100 பதித்த பலகையை நிலவில் வைத்துவிட்டு வந்தார்கள். பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தை லேசரால் அளக்க அது இன்றும் பயன்படுகிறது. இந்தக் கண்ணாடியை யூக்ளிடிடம் காட்டினால் பிரிசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். இணையான இரு முனைகள் இதற்கு இல்லை. கனசதுரத்தின் ஒரு மூலையை வெட்டி எடுத்தாற்போல இருக்கும். ஒளியியலுக்குப் போன பிறகு சொல் தளர்ந்துவிட்டது: மெருகிட்ட தட்டை முகங்களால் ஒளியைத் திருப்பும் கண்ணாடித் துண்டு எதுவும் பிரிசம். இந்த மாதிரி இடங்களில் பிரிசம் என்றே விட்டுவிடுவதுதான் நேர்மை. பட்டகம் என்று எழுதினால் வடிவம் பற்றிப் பொய் சொன்னதாகும்.

ஆறாம் படி: உருவகமும் பெயரும்

'பெண்ணியம் என்ற முப்பட்டகத்தின் ஊடாக இந்த நாவலை வாசித்தால்' என்பது போன்ற வாக்கியங்கள் விமரிசனக் கட்டுரைகளில் பெருகிவிட்டன. முப்பட்டகம் ஒன்றைப் பலவாகப் பிரிக்கும். பலவற்றை ஒரே கோணத்தில் பார்ப்பதற்கு அதை உவமையாக்கினால் உவமை தலைகீழ். நமக்கு ஏற்கெனவே கண்ணோட்டம் இருக்கிறது, பார்வை இருக்கிறது. சாய்வைக் குத்திக்காட்ட வேண்டுமென்றால் 'சாதிக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார்' என்று ஊரே பேசுகிறது. காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். ஒரே நிகழ்ச்சி பல குரல்களாகப் பிரிந்து வரும் கதையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முப்பட்டகத்தைக் கூப்பிடுங்கள், அது வரும்.

பெயரைப் பெயர்க்காதீர்கள். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொண்டு வந்த அமெரிக்க உளவுத் திட்டத்தின் பெயர் பிரிசம். அது முப்பட்டகத் திட்டம் ஆகாது, பிரிசம் திட்டம்தான்.

கடைசியாக, என் கையேட்டுப் பிழைக்கு ஒரு பின்கதை. நிலவைச் சுற்றிச் சில இரவுகளில் பெரிய வளையம் கட்டும். ஊர்கோள் என்பது பழைய பெயர். நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பார்கள் ஊர்ப்பக்கம். உயர மேகத்தில் இருக்கும் பனிப்படிகங்களின் வேலை அது. அந்தப் படிகங்களின் வடிவம் அறுகோணப் பட்டகம், சீவாத பென்சில் போல. ஒளி அதன் ஒரு பட்டையில் நுழைந்து, அடுத்ததை விட்டு அதற்கும் அடுத்த பட்டையில் வெளியேறுகிறது. தாளில் ஓர் அறுகோணம் வரைந்து, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று பக்கங்களை மட்டும் நீட்டிப் பாருங்கள். 60 பாகை முக்கோணம் வந்து நிற்கும். ஆறு பட்டைப் படிகம் ஒளிக்கு 60 பாகை முப்பட்டகமாகிவிடுகிறது. அந்த ஆசிரியைக்கு இதை எழுதி அனுப்பினேன். "கன அளவுக் கணக்கில் இது செல்லாது சார்" என்று பதில் வந்தது.

வளையம் கட்டிய இரவில் கையை முழுதாக நீட்டி, விரல்களை அகல விரித்து, கட்டைவிரல் நுனியால் நிலவை மறையுங்கள். சுண்டுவிரல் நுனி ஏறத்தாழ வளையத்தைத் தொடும். 22 பாகை. உட்புற ஓரத்தில் மங்கலாகச் சிவப்பு இருக்கும்.